தலாஸ் கல்யாணம் வந்துவிட்டது

அனிப்பாவுக்கு எதையும் இரண்டு முறை சரிபார்க்கும் பழக்கம் இருந்தது. எரிவாயு அடுப்பை அணைத்துவிட்டு வாசல்வரை போவாள்; திரும்பி வந்து, திருகியை விரலால் தொட்டுப் பார்ப்பாள்; அதன் பின்னரே காலணியை மாட்டுவாள். நகரத்துப் பொது மருத்துவமனை ஒன்றின் பதிவறைக்கு அவளே தலைமை. அங்குள்ள ஒவ்வொரு கணினிக்கும் தனித்தனிக் கடவுச்சொல் வைத்து, அதனை மாற்றச் சொல்லி, மாற்றினார்களா என்று பின்னால் நின்று பார்ப்பவளும் அவளே. உடன் வேலை செய்யும் பெண்கள் தன் முதுகுக்குப் பின்னால் சிரிப்பதை அவள் அறிவாள். சிரித்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிடுவாள்.

அப்படிப்பட்டவள் அன்று காலையில், மலைநாட்டுத் தலைநகரான பிஷ்கேக்கின் ஓரத்துப் புதுக்குடியிருப்பில், தம்பி எலாமானுடைய வீட்டு முற்றத்தில் ஓரிடத்தில் நிற்க இயலாமல் நடந்துகொண்டிருந்தாள். வெளிக்கதவைத் திறந்து தெருவைப் பார்ப்பாள். கண் சிவந்த யாரேனும் வந்தால், "இப்ப வேண்டாம், அப்புறமா வாங்க" என்று கையசைத்துத் திருப்பி அனுப்புவாள். கதவைச் சாத்துவாள். தந்தை இருக்கும் அறையின் சன்னலை ஒருமுறை பார்ப்பாள். மறுபடியும் கதவுக்குப் போவாள். உறைந்திருந்த சேறு அவள் காலடி பட்டுப்பட்டு இளகத் தொடங்கியிருந்தது.

எலாமான் இறந்துபோனான். தலாஸில் ஒரு கல்யாணத்தைப் படம் பிடித்துவிட்டு இரவோடு இரவாகத் திரும்பியவனைத் தோ-அஷூக் கணவாயில் பனிச்சரிவு வண்டியோடு தள்ளிவிட்டது. தெரு முழுவதற்கும் தெரியும். அவன் மனைவி ஐஸிரெக்குக்குத் தெரியும். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பியதாகச் சொல்லிப் பின்தெருவில் உறவினர் வீட்டில் இருத்தியிருந்தார்கள். தெரியாதவர் ஒருவரே. அவர் எலாமானுக்கும் அனிப்பாவுக்கும் தந்தை, சத்தார்குல்.

பெற்றவருக்குப் பிள்ளையின் சாவை யாரும் தனியாகப் போய்ச் சொல்லிவிடுவதில்லை. குலத்துப் பெரியவர்கள் கூடவேண்டும். ஒன்றாக உள்ளே நுழையவேண்டும். உட்கார்ந்து, ஆட்டைப் பற்றியும் மழையைப் பற்றியும் பேசி, மெல்ல மெல்லச் சுற்றி வந்து சொல்லவேண்டும். சொல்லும் நொடியில் தோளைப் பிடித்துக்கொள்ள இரு பக்கமும் ஆள் இருக்கவேண்டும். அதுவரையில் வீடு வழக்கம்போலவே இருந்தாக வேண்டும். முற்றத்தில் இழவுக் கூடாரம் எழும்பக் கூடாது. எவரும் வாய்விட்டு அழக்கூடாது. தந்தையின் தம்பி மாம்பெத், கொச்கோரிலிருந்து பெரியவர்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டிருந்தார். நண்பகலுக்குள் வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தார். தந்தைக்கு எண்பத்தொன்று, நெஞ்சு ஏற்கெனவே இருமுறை அவரை மருத்துவமனையில் படுக்க வைத்திருந்தது. ஆகையால் இம்முறைமையில் அணுவளவும் பிசகக்கூடாது என்பதே அனிப்பாவின் ஒரே கவலையாக இருந்தது.

தெருமுனையில் கூடாரத்தை ஏற்றிய பாரவண்டி ஒன்று நின்றது. கம்பளியும் மரச்சட்டங்களுமாக மேலே கட்டியபடி கிடக்க, ஆண்கள் ஏழெட்டுப் பேர் அதனைச் சுற்றிக் கைகளைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டு நின்றார்கள். வண்டிக்காரன் அனிப்பாவைக் கண்டதும் பாதிக் குரலில் புலம்பினான்.

"அக்கா, பொணம் ஒரு பக்கம், கூடாரம் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். இப்படியே எவ்வளவு நேரந்தான் நிக்கிறது? தெருவுல போறவன் எல்லாம் 'யாருக்கு'ன்னு கேக்குறான். என்னத்தச் சொல்ல?"

"கல்யாணத்துக்குன்னு சொல்லு."

"இந்த மூஞ்சிய வச்சுக்கிட்டா?"

அருகில் நின்ற ஒருவன் சிரித்துவிட்டு, சிரித்ததற்காகத் தலையைக் குனிந்துகொண்டான்.

அவ்வேளையில்தான் வீட்டுக்குள்ளிருந்து தந்தையின் குரல் உரக்கக் கேட்டது.

"அனிப்பா! ஏ அனிப்பா! ஓடி வா இங்க!"

எப்படி முற்றத்தைக் கடந்தாள், எப்படிக் காலணியைக் கழற்றினாள் என்பது அவளுக்கே தெரியாது. அறைக்குள் நுழைந்தபோது சத்தார்குல் கம்பளி விரிப்பின்மேல் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். எதிரே பெரிய தொலைக்காட்சி. அவர் முகம் மலர்ந்திருந்தது.

"பாரு! தலாஸ் கல்யாணம் வந்துருச்சு!"

திரையில் ஒரு மணப்பெண், உயரமான வெள்ளைத் தலையணியோடு, மாமியார் வீட்டு வாசலில் மூன்று முறை குனிந்து வணங்கிக்கொண்டிருந்தாள்.

அம்முதியவரின் பொழுது முழுவதும் இவ்வாறே கழிந்தது. கல்யாணங்களையும் விருந்துகளையும் படம் பிடித்து வெட்டி ஒட்டிக் கொடுப்பது எலாமானின் தொழில். முற்றத்தின் மறுகோடியிலுள்ள வேலையறையில் அவனுடைய பெரிய கணினி இருந்தது. அதிலுள்ள ஒரு கோப்புறையை அவன் வீட்டு வைஃபைப் பின்னலில் எல்லாருக்கும் பொதுவாகத் திறந்துவிட்டிருந்தான். ஐஸிரெக்கின் கணினி, உதவிப் படப்பிடிப்பாளன் பெக்தூரின் கணினி, தந்தையின் தொலைக்காட்சி எல்லாம் அதற்குள் நேராக நுழையும். தொலைக்காட்சி புதிதாக வந்ததை முதலில் காட்டும். சூய் சமவெளியில் எந்தப் பெண் எந்த வீட்டுக்குப் போனாள், எந்த மாமியார் மோதிரத்தைத் திருப்பித் திருப்பிக் காட்டினாள் என்பதெல்லாம் சத்தார்குலுக்கு மனப்பாடம். முன்பின் பாராத குடும்பங்களைப் பற்றி அவர் வம்பு பேசுவதைக் கேட்டு எலாமான் வயிறு வலிக்கச் சிரிப்பான்.

"நேத்து ராத்திரி பூரா எனக்குக் கண்ணு மூடல, தெரியுமா?" என்றார் சத்தார்குல். "கணவாய்ல பனி கொட்டுதுன்னு ரேடியோவுல சொன்னான். இந்தப் பய அந்த வழியாதானே வரணும்னு புரண்டு புரண்டு படுத்தேன். இப்பப் பாரு, கல்யாணம் வந்துருச்சு. அப்ப அவனும் வந்துட்டான்! பூட்ஸக் கழட்டுறதுக்கு முன்னாடி கேமரா கார்டத்தானே கம்ப்யூட்டர்ல போடுவான் அவன். அப்பன் மூஞ்சியப் பாக்கணும்னு தோணுச்சா பாரு, கழுதைக்கு."

அனிப்பா சன்னலுக்குப் போய், தெரு தெரியாதபடி திரைச்சீலையை இழுத்துவிட்டாள்.

தேநீர்க் குவளையோடு ஐஸிரெக் அப்போது உள்ளே வந்தாள். சிவப்புப் பூப்போட்ட அன்றாடத் தலைத்துணியையே கட்டியிருந்தாள்; அதனை நெற்றிக்கு வழக்கத்தைவிட இறக்கிக் கட்டியிருந்தாள். கிண்ணத்தில் பாலை ஊற்றி, தேநீரை ஊற்றி, இரு கையாலும் மாமனாரிடம் நீட்டினாள். கிண்ணம் ஆடவில்லை.

"எங்க அவன்?" என்று சத்தார்குல் மருமகளைக் கேட்டார். "வேலை ரூம்லயா?"

"தூங்குறாங்க அத்தா" என்றாள் ஐஸிரெக்.

சொல்லிவிட்டு அவள் சமையலறைக்குப் போய்விட்டாள். அங்கே குழாயிலிருந்து தண்ணீர் கொட்டும் ஓசை கேட்டது. நெடுநேரம் கொட்டியது.

"தூங்கட்டும், தூங்கட்டும்" என்ற சத்தார்குல், தொலையியக்கியை எடுத்துத் தொலைக்காட்சியின் ஒலியை மிகவும் குறைத்தார். "ராத்திரி பூரா ஓட்டி வந்தவன். எழுப்பாதீங்க. வெளியில எவனோ கார்க் கதவப் படார் படார்னு சாத்துறான். போய் மெதுவாச் சாத்தச் சொல்லு, மகளே."

பிறகு கண்ணைத் திரைக்குத் திருப்பினார்.

"இந்த மாமியாரப் பாரேன். மருமக தலையில துணியக் கட்டுறாளா, ஆட்டுக்குக் கயிறு கட்டுறாளான்னு தெரியல. பாவம் அந்தப் பொண்ணு."

அவர் தமக்குத் தாமே சிரித்தார். இரவெல்லாம் விழித்திருந்ததால் கண்ணின் கீழ்த் தோல் தொங்கியிருந்தது. ஆயினும் அவர் தோள்கள் இளகிக் கிடந்தன. அஞ்சி அஞ்சிக் கிடந்து, பின்பு நிம்மதி அடைந்த ஒருவருடைய தோள்கள் அவை. அனிப்பா அவற்றைப் பார்த்துக்கொண்டு சற்று நேரம் நின்றாள். பிறகு முற்றத்துக்கு விரைந்தாள்.

வேலையறையில் பெக்தூர் கணினியின் முன் இருந்தான். நாற்பது வயது ஆள். பன்னிரண்டு ஆண்டுகளாக எலாமானோடு சேர்ந்து உழைத்தவன். பின்னால் வந்த பேருந்தில் அவன் இருந்தமையால் உயிர் பிழைத்தான். மீட்புக்காரர்கள் எலாமானின் படக்கருவிப் பையை அவன் கையில்தான் கொடுத்திருந்தார்கள். கைப்பேசியை அவன் அனிப்பாவிடம் கொடுத்துவிட்டான்.

"யார் அந்தக் கார்டப் போடச் சொன்னது?" என்று அனிப்பா கேட்டாள்.

அவன் திரும்பினான். ஒன்றும் புரியாதவனாகப் பார்த்தான்.

"பைக்குள்ள பனி உருகித் தண்ணி நிக்குது எஜே" என்றான். மூத்தவளை எஜே என்பதே முறை. கரகரத்த குரலில் அவன் அதைக் குழந்தைபோலச் சொன்னான். "கார்டு நனைஞ்சிருந்துச்சு. ஒடனே போடலன்னா அந்தக் குடும்பத்தோட கல்யாணமே போயிரும். அண்ணன் எப்பவும் மொதல்ல அதத்தானே செய்வாரு. நான் யோசிக்கவே இல்ல. கை தானாப் போட்டுருச்சு."

"அத்தா அதப் பாத்துட்டு, மகன் வந்துட்டான்னு நெனச்சுக்கிட்டிருக்காரு. வந்து இங்க தூங்குறானாம். சத்தம் போடாதீங்கன்னு சொல்றாரு."

பெக்தூர் அறையின் மூலையைப் பார்த்தான். எலாமான் இரவுப் பயணத்துக்குப் பின் படுத்துக்கொள்ளும் இரும்புக் கட்டில் அங்கே இருந்தது. அவன் இரு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டான்.

"அழாத. அப்புறம் அழலாம். திரையில என்ன அது?"

திரையில் எலாமான் சிரித்துக்கொண்டிருந்தான். சென்ற கோடையில் ஈசிக்-குல் ஏரிக்கரையில் எடுத்த படம். இடப்பக்க மூலையில் கறுப்பு நாடா; அடியில் பிறந்த ஆண்டும் இறந்த ஆண்டும்.

"கூடாரத்துக்கு வெளிய வைக்கிறதுக்கு. பின்தெரு அச்சுக்கடைக்காரர் கேட்டாரு. அவரும் நம்ம ஃபோல்டர்ல இருந்துதான் எடுத்துக்குவாரு, எப்பவும் அப்படித்தான். இப்பத்தான் அதுல போடப் போனேன்."

"போட்டியா?"

"இன்னும் இல்ல."

அனிப்பா மேசையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். அச்சுக்கடைக்காரர் இந்த வீட்டுப் பின்னலுக்குள் எவ்வாறு வந்தார் என்று அவள் கேட்கவில்லை. அவளுக்குத் தெரியும். இந்த வீட்டு வைஃபையின் கடவுச்சொல் ஒன்று முதல் எட்டு வரையிலான எண்கள். வந்த விருந்தாளி ஒவ்வொருவருக்கும் எலாமான் அதனைத் தேநீரோடு கொடுத்துவிடுவான். இதற்காக அவள் தம்பியோடு சண்டையிட்டதுண்டு. அவளுடைய மருத்துவமனையில் ஒருமுறை, யாரோ ஒருவர் திறந்துவிட்ட பொதுக் கோப்புறை வழியாகக் கெட்ட நிரல் ஒன்று புகுந்து, ஒரு கணினியிலிருந்து மறு கணினிக்குத் தாவி, நோயாளிகளின் பதிவுகளையெல்லாம் முடக்கிப் போட்டது. அதனை அவள் விரிவாக எடுத்துச் சொன்னபோது எலாமான் ரொட்டியைப் பிட்டபடி சிரித்தான். "உங்க ஆஸ்பத்திரிக்குத் திருடன் வருவான் எஜே. எங்க வீட்டுக்கு யாரு வர்றா? மச்சினன் வருவான். அவன் வந்து கல்யாணப் படத்தத் திருடி என்ன பண்ணப் போறான், மாமியாரப் பாத்து அழுவானா?" என்றான். விருந்தாளியின் பிள்ளை ஒன்று விளையாட்டாக ஒரு முழுக் கல்யாணத்தையும் அழித்துவிட்ட போதும் அவன் திருந்தவில்லை. மறுபடியும் போய்க் கேமராவிலிருந்து எடுத்துப் போட்டான்.

"சரி, இந்தப் படத்த ஒரு பென்டிரைவ்ல போட்டு, கையில கொண்டு போய்க் குடு. ஃபோல்டர் பக்கமே கொண்டு போகாத."

"சரி எஜே."

அவன் கை சுட்டியை நோக்கி நகர்ந்தது, நடுவில் நின்றது.

கோப்புறையின் உள்ளே ஒரு புதிய பெயர் தோன்றியிருந்தது: 'எலாமானின் நினைவாக'. அவன் அதனைத் தொடவில்லை, அனிப்பாவும் தொடவில்லை. அதனுள் படங்கள் ஒவ்வொன்றாக வந்து விழுந்துகொண்டிருந்தன. பள்ளி நாள் எலாமான். குதிரைமேல் எலாமான். தெருவில் நடந்த புத்தாண்டு விருந்தில் மேசைமேல் ஏறி நிற்கும் எலாமான்.

"யாரு போடுறா?"

"தெரியல."

"தெரியலன்னா?"

"யாருன்னு காட்டாது எஜே. அண்ணன் ஒவ்வொருத்தருக்கும் தனிப்பேர் வைக்கல. எல்லாரையும் ஒரே பேர்ல உள்ள விட்டிருக்காரு." அவன் ஒரு சிறு கட்டத்தைத் திறந்து காட்டினான். அதில் 'எல்லோரும்' என்று இருந்தது. அதனருகே: பார்க்கலாம், எழுதலாம், மாற்றலாம், அழிக்கலாம். "தெருவுல யாரோ படம் சேக்குறாங்க. கூடாரத்துல பெரிய திரை வச்சுக் காட்டுறதுக்கா இருக்கும். எதுன்னாலும் இதுல போடுங்கன்னு அண்ணன்தானே எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருந்தாரு."

நல்ல மனத்தோடுதான் போடுகிறார்கள் என்பது அனிப்பாவுக்கு விளங்கியது. அது அவளை இன்னும் பதறச் செய்தது.

"அத்தா டிவியில இது எப்ப வரும்?"

"இப்ப ஓடுறது முடிஞ்சதும். தலாஸ் படத்த நான் துண்டு துண்டாத்தான் ஏத்தினேன். பொண்ணு உள்ள வர்ற துண்டு முடிஞ்சா அடுத்தது... புதுசு எதுவோ அது."

"அழி!"

அவன் அழித்தான். அடுத்த மூச்சில் அதே பெயர் மறுபடியும் வந்தது. போட்ட படம் காணோமே என்று யாரோ மறுபடியும் போடுகிறார் போலும். இம்முறை முதற்படத்தின் பெயரே 'ஆன்மா சாந்தியடைக' என்றிருந்தது.

"வைஃபை பெட்டியப் புடுங்கிரலாமா?" என்றாள்.

"புடுங்கினா டிவி நின்னுரும். டிவி நின்னா அத்தா என்ன செய்வாரு?"

அவர் என்ன செய்வார் என்பது இருவருக்கும் தெரியும். தொலைக்காட்சி சற்றுத் தடுமாறினாலும் அவர் உடனே மகனுக்குத் தொலைபேசியில் கூப்பிடுவார். எலாமான் எங்கே இருந்தாலும், கல்யாண மேளத்தின் நடுவிலிருந்தாலும், 'அந்தச் சிவப்புப் பொத்தான அழுத்துங்க அத்தா' என்று வழி சொல்வான். அந்தக் கைப்பேசி இப்போது அனிப்பாவின் மேலங்கிப் பையில் கனத்தது. தலாஸிலிருந்து மணப்பெண்ணின் தகப்பன் காலையிலிருந்து மூன்று முறை அதில் கூப்பிட்டு அழுதிருந்தார். அவர் மறுபடியும் கூப்பிடக்கூடும் என்று அவள் அதனை அணைக்கவில்லை.

"அவர் டிவிக்கு மட்டும் மூட முடியாதா?"

"ஒருத்தருக்கு மூடினா எல்லாருக்கும் மூடும். 'எல்லோரும்'ங்கிறதுல அத்தாவும் ஒருத்தர்தான்."

அனிப்பா சன்னல் வழியாக வீட்டைப் பார்த்தாள். அங்கே திரையின் வெளிச்சம் திரைச்சீலையில் நிறம் மாறி மாறி விழுந்தது.

"மூடு" என்றாள். "கடவுச்சொல் போட்டு மூடு. டிவி நின்னா நிக்கட்டும். அந்தப் படத்தத் தனியா உக்காந்து பாக்குறதவிட அது பரவாயில்ல. மூடு, பெக்தூர்!"

அவன் 'எல்லோரும்' என்ற சொல்லைத் தேர்ந்தான், நீக்கு என்பதைத் தொட்டான், உறுதிதானா என்று கணினி கேட்டது, உறுதி என்றான். படங்கள் வருவது நின்றது. கடைசியாக வந்துகொண்டிருந்த படம் பாதியிலேயே நின்றுபோனது.



அனிப்பாவின் சொந்தக் கைப்பேசி ஒலித்தது. மாம்பெத் சித்தப்பா.

"பூம் பள்ளத்தாக்குல மாட்டிக்கிட்டோம்மா" என்றார் அவர். பின்னணியில் வண்டிகளின் ஊதல் கேட்டது. "முன்னால பெரிய லாரி ஒண்ணு குறுக்க சாஞ்சு கெடக்கு. சாயங்காலம் ஆயிரும்போல."

"சாயங்காலமா? சித்தப்பா, இங்க நெலம சரியில்ல. தலாஸ் கல்யாணத்த டிவியில பாத்துட்டு, மகன் வந்துட்டான்னு நம்பிக்கிட்டிருக்காரு. வந்து தூங்குறான்னு..."

"நம்பட்டுமே. அது நல்லதுதானே. அமைதியா இருப்பாரு."

"அமைதியா இல்ல சித்தப்பா. சந்தோஷமா இருக்காரு."

எதிர்முனையில் அவர் யாரையோ வண்டியை நகர்த்தச் சொல்லிக் கத்தினார்.

"தெருவுல வேற யாராவது இருக்காங்களா, பெரியவங்க?" என்று அவள் கேட்டாள். "அவங்கள வச்சுச் சொல்லிரலாமா?"

"அண்ணனுக்கு நான் சொல்லாம எவனோ சொல்றதா? அனிப்பா, நீ வாயத் திறக்காத. பொம்பளப் பிள்ள தனியா நின்னு சொல்லி, அவர் நெஞ்சு அங்கேயே நின்னு போச்சுன்னா? நாளைக்குக் குலத்துக்கு முன்னால யாரு பதில் சொல்றது? நீயா? நாங்க வர்ற வரைக்கும் எதையாவது சொல்லிச் சமாளி. தூங்குறான்னே சொல்லு."

"சாயங்காலம் வரைக்குமா?"

"சாயங்காலம் வரைக்கும்."

அழைப்பு முடிந்தது. அவள் கைப்பேசியைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. சென்ற குளிர்காலத்தில் மருத்துவரே அவளைத் தனியாக அழைத்து, 'அதிர்ச்சி எதுவும் கூடாது' என்று சொல்லியிருந்தார். மாலைக்குள் இன்னும் எத்தனை கிண்ணம் தேநீர் ஐஸிரெக் ஊற்றவேண்டும் என்று எண்ணிப் பார்க்கத் தொடங்கி, எண்ணாமல் விட்டாள்.

மேலங்கிப் பைக்குள் எலாமானின் கைப்பேசி அதிர்ந்தது. பின்பு பாடத் தொடங்கியது. எடுத்துப் பார்த்தாள். திரையில் 'அத்தா' என்று இருந்தது. தந்தை தொப்பியைச் சரித்து வைத்துக்கொண்டு சிரிக்கும் சின்னப் படமும் இருந்தது.

பெக்தூர் எழுந்து நின்றுவிட்டான்.

அவள் எடுக்கவில்லை, அணைக்கவும் இல்லை. உள்ளங்கையால் பொத்திப் பிடித்தாள். அது பாடி ஓய்ந்தது. உடனே மறுபடியும் பாடியது. மறுபடியும் ஓய்ந்தது.

"தூங்குறான்னு விட்டுருவாரு" என்றான் பெக்தூர், மூச்சுக்குள்.

சன்னலுக்கு அப்பால் வீட்டின் கதவு திறந்தது. சத்தார்குல் வெளியே வந்தார். மென்தோல் காலணியின்மேல் ரப்பர்க் காலணியை மாட்டியிருந்தார். உயர்ந்த வெள்ளைத் தொப்பி. ஒரு கையில் ஊன்றுகோல், மறு கையில் கிண்ணம். கிண்ணத்தின்மேல் ஒரு ரொட்டியைக் கவிழ்த்து வைத்திருந்தார். பின்னால் ஐஸிரெக் வாசற்படிவரை ஓடி வந்து, "அத்தா, வழுக்கும், நான் கொண்டு போறேன், குடுங்க" என்றாள்.

"நீ உள்ள போ, பிள்ள. எங்க அப்பன் மகன் விஷயத்துல உனக்கென்ன? மணி கேக்குது, நான் இங்கேருந்து கேட்டேன். முழிச்சுக்கிட்டே எடுக்காம கெடக்குறான் கள்ளன்."

ஐஸிரெக் படியிலேயே நின்றாள். தலைத்துணியின் நுனியை எடுத்து வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள்.

முதியவர் முற்றத்தைக் கடக்கத் தொடங்கினார். அனிப்பா காலையிலிருந்து மிதித்து மிதித்து இளக்கியிருந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு, பனி வெளுத்துக் கிடந்த ஓரமாக, ஒவ்வொரு காலாக எடுத்து வைத்து நடந்தார். கிண்ணத்திலிருந்து ஆவி எழுந்தது. அவர் அதனைச் சிந்தாமல் கொண்டுவருவதிலேயே கவனமாக இருந்தார்.

"எஜே" என்றான் பெக்தூர். "நான் பின்பக்கமாப் போய், அண்ணன் கடைக்குப் போயிருக்காருன்னு சொல்லட்டுமா? எண்ணெய் வாங்க... இல்ல, தலாஸ்காரங்களப் பாக்க..."

அனிப்பா கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லட்டுமா எஜே? வந்துட்டாரு."

கதவுக்கு வெளியே ரப்பர்க் காலணிகள் நின்றன. ஊன்றுகோலைச் சுவரில் சாய்க்கும் ஓசை கேட்டது. பிறகு, விரல்கணுவால் மிக மெதுவாக, தூங்குபவனை எழுப்பக்கூடாது என்றும் எழுப்பவேண்டும் என்றும் ஒருங்கே எண்ணுகிறவர்போல, அவர் தட்டினார்.

"எலாமான்" என்றார். "டிவி என்னமோ பேரக் கேக்குது, பாஸ்வேர்டக் கேக்குது. என் வீட்டு டிவி என்னப் பாத்து நீ யாருங்குது. அதுகிட்ட என்ன சொல்லணும்னு மட்டும் சொல்லிட்டு நீ தூங்குப்பா. கொழுப்புத் துண்டாப் பாத்து எடுத்தாந்திருக்கேன். ஆறிடப் போகுது."

பெக்தூர் தன் சட்டைக்கையை வாய்க்குள் திணித்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினான்.

அனிப்பா கணினியின் திரையை அணைத்தாள். நாற்காலியிலிருந்த பெக்தூரின் ஈரமான மேலங்கியை எடுத்துத் தரையில் போட்டாள். நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில், கைக்கு எட்டும்படி, இழுத்துப் போட்டாள். தந்தையின் மாத்திரை எந்தச் சட்டைப்பையில் இருக்கும் என்பது அவளுக்குத் தெரியும், இடப்பக்க உட்பையில்.

"நீ அவர் வலப்பக்கம் நில்லு" என்றாள் பெக்தூரிடம். "தோளப் புடிச்சுக்க. நான் இந்தப் பக்கம் நிப்பேன்."

"எஜே, மாம்பெத் சித்தப்பா..."

"அவர் வரும்போது வரட்டும். பதில் நான் சொல்லிக்கிறேன்."

அவள் கதவைத் திறந்தாள். சத்தார்குல் கிண்ணத்தை நீட்டியபடி, மகளைத் தாண்டி உள்ளே பார்த்துச் சிரித்தார். அவள் முதலில் கிண்ணத்தை வாங்கி மேசைமேல் வைத்தாள்.

"உள்ள வாங்க அத்தா. இந்த நாற்காலியில உக்காருங்க" என்றாள். "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். நான்தான் சொல்லப் போறேன்."